எதிரொலிக் கோயிலில் மூன்றாம் ஓலை

எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரு தடவை கைதட்டிப் பார்ப்பது என் பழக்கம். பினாங்கில் இசைத்தட்டுப் பதிவு செய்யும் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. பாடகர் வருவதற்கு முன் நடுக்கூடத்தில் நின்று கைதட்டுவேன். சத்தம் எங்கே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். அங்கே அது தொழில். தூத்துக்குடியில் இறங்கிய அன்று காலை, பழக்க தோஷத்தில், லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்திலும் தட்டித் தொலைத்தேன். மொசைக் தரை, சுண்ணாம்புச் சுவர், பளிங்குக்கல் மேசை. சத்தம் நாலு பக்கமும் முட்டிக்கொண்டு திரும்பியது. கூடவே ஒரு சர்வரும் ஓடி வந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி கையத் தட்டுதிய? வாயத் தொறந்து கேட்டா நாங்க தர மாட்டோமா?"

சத்தத்தை அளந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் ஊத்தப்பம் கேட்டேன். நல்லெண்ணெய் வாசத்தோடு வந்தது. இன்னொன்றும் கேட்டேன், இந்த முறை வாயால்.

நான் வந்தது என் அக்கா பிலோமியின் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கு. தாய்மாமன் வந்து நிற்காமல் எங்கள் பக்கத்தில் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போக மாட்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்துவிட்டதில் ஊரே கொஞ்சம் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தது. துறைமுகத்தைப் பார்த்தீர்களா என்பதுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி. சாப்பிட்டீர்களா என்பது இரண்டாவதுதான்.

என்னை அழைத்துப் போக மாப்பிள்ளை லூர்தே வந்திருந்தான். கப்பலில் வேலை செய்கிறவன், சிரித்த முகம் என்று அக்கா எழுதியிருந்தாள். அன்று சிரிப்பைக் காணோம். கையில் மட்டும் ஒரு மக்ரூன் பொட்டலம். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்ந்து வாயில் வைத்ததும் இருந்த இடம் தெரியாமல் போகும் பண்டம். பினாங்கில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்து, தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

கடற்கரைச் சாலையில் மீன் ஏலம் சண்டை மாதிரி ஒரே கூச்சலாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு வெளிநாட்டு மாலுமிகள் மலாயில் பேசிக்கொண்டார்கள். "போலீஸ் வருவதற்குள் போய்விடலாம்" என்றான் ஒருவன். "வெட்டுக்குத்து நடந்த பிறகுதானே போலீஸ் வரும், இரு பார்க்கலாம்" என்றான் மற்றவன். நான் மலாயிலேயே, "சண்டை இல்லை, சீலா மீனுக்கு விலை கேட்கிறார்கள்" என்றேன். தூத்துக்குடியில் வேட்டி கட்டிய ஆளின் வாயிலிருந்து மலாய் வந்ததில் இருவரும் மிரண்டுபோனார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அலை பக்கத்திலேயே இரைச்சல் போடும்போது வாழ்நாள் முழுக்கப் பேசுகிற மீனவர்களுக்குத் தொண்டை அப்படித்தான் பழகும்.

லூர்து தன் நண்பனைப் பார்க்க ஒரு பஞ்சுக் கிட்டங்கிக்குள், அதாவது கிடங்குக்குள், என்னைக் கூட்டிப்போனான். உள்ளே நுழைந்ததும் தட்டினேன். ஒன்றுமே வரவில்லை. கைதட்டியதாகவே தோன்றவில்லை. சுற்றிலும் பிரித்துக் கொட்டிய பஞ்சு ஆள் உயரத்துக்கு மேல் கிடந்தது. இப்படி ஒரு அறைக்காக எங்கள் முதலாளி எவ்வளவோ செலவழித்துச் சுவரில் என்னென்னவோ ஒட்டிப் பார்த்தவர். இங்கே ஒருவர் அதன் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த அமைதியில்தான் லூர்து விஷயத்தைச் சொன்னான்.

"மாமா, கல்யாணம் நடக்குமான்னே தெரியல. பெரியப்பா ஓலை கேக்கலன்னு சொல்லுதாரு."

எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்களிடம் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர் வந்து சொல்லலாம் என்று பூசையின்போது சாமியார் அறிவிப்பார். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. ஆனால் ஊரில் யாருக்கும் ஒரு சொல்கூட விளங்கவில்லை. பழைய கூரைக் கோயிலை இடித்துவிட்டுப் பெரிய காங்கிரீட் கோயில் கட்டியதிலிருந்தே சாமியார் பேசுவது எதுவும் விளங்குவதில்லையாம். பிரசங்கம் விளங்காதது பற்றி ஒருவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஓலை விளங்காததுதான் வினையாகிவிட்டது.

லூர்தின் அப்பா சூசை அவன் சிறுவனாக இருந்தபோதே கடலில் போய்விட்டார். வளர்த்து ஆளாக்கியது அவருடைய அண்ணன் அந்தோணி. ஊரிலேயே பெரிய மீன்பிடி வள்ளம் அவருடையது, ஆகவே குரலும் பெரியது. கேட்காத ஓலை ஓலையே இல்லை என்று அவர் சொல்ல, ஊர்க் கமிட்டியும் தலையாட்டிவிட்டது. வரும் ஞாயிறு மூன்றாவது ஓலை. செவ்வாய் கல்யாணம். புதனோடு தபசு காலம், நாற்பது நாள் நோன்பு, தொடங்கிவிடும். பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணம் இல்லை. அதற்குள் லூர்தைக் கப்பல் கூப்பிட்டுவிடும். போனால் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

"ஊர் என்ன சொன்னால் என்ன? சாமியார் சம்மதித்தால் போதாதா?" என்றேன்.

"போதும் மாமா. ஆனா பெரியப்பா வந்து நிக்காம நான் தாலி கட்ட மாட்டேன்." பஞ்சில் ஒரு பிடி பிய்த்தெடுத்தான். "அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதைய நான் செஞ்சிட்டேன். அதுக்கும் ஒரு வார்த்த சொல்லல, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. இனி நானா போய்க் கால்ல விழணுமாக்கும்?"

மரியாதை என்றால் வேட்டி துண்டு ஏதாவது வாங்கிக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பேருந்து. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதோடு விட்டுவிடுங்கள். பெயரைப் போட்டால் அடுத்த முறை எனக்கு அங்கே சோறு கிடைக்காது. உப்பளங்களைத் தாண்டிச் தேரி என்கிற செம்மணல் மேடுகளுக்குள் நுழைந்ததும் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் உதவிக்கு ஆள் கூப்பிட ஹாரனைப் பிழிந்தார். பிழிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு சத்தத்தையும் அந்தச் சிவப்பு மணல் அப்படியே குடித்துவிட்டது. நான் இறங்கி ஒரு மணல் மேட்டில் நின்று கைதட்டினேன். பஞ்சுக் கிட்டங்கிதான், கூரை மட்டும் இல்லை.

"சத்தம் கெட்டியான சுவரில் பட்டால் பந்து மாதிரி திரும்பி வரும் மாப்பிள்ளை. மணல், பஞ்சு, துணி மாதிரி உள்ளே சந்து சந்தாக இருக்கிறதில் பட்டால் நுழைந்து, அலைந்து, அங்கேயே தேய்ந்துபோகும்" என்று லூர்துக்கு விளக்கினேன். முன் சீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்துக்காரியிடம், "ஏளா, பினாங்குல வெயில் ரொம்பவோ?" என்று கேட்டது காதில் விழுந்தது. பனங்காட்டில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடித்தபின் பேருந்து கிளம்பாவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. கிளம்பிவிட்டது.

அக்கா வீட்டில் குசினியிலிருந்தே மீன் குழம்பு வாசம் வரவேற்றது. மாங்காய் போட்ட சாளைக் குழம்பு, சுட்ட கருவாடு, புழுங்கலரிசிச் சோறு. பினாங்கில் அசாம் லக்சா என்று புளிப்பு மீன் சாறு ஒன்று உண்டு. அதை நான் புகழாத நாளில்லை. அன்று அதன் பெயரை எடுக்கவில்லை. ஸ்டெல்லா பரிமாறிக்கொண்டே, "மாமா, நீங்க சத்தத்துக்கு வைத்தியம் பாக்குத ஆளுன்னு அம்மா சொல்லுதா. நெசமா?" என்றாள்.

"ஏறக்குறைய."

"அப்பம் அந்தக் கோயிலுக்குப் பாருங்க. அவரு கப்பலுக்குப் போயிட்டா நான் வருசம் பூராவும் கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். எனக்கு அதுக்குப் பொறுமை கெடையாது." இப்படிச் சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். நல்ல பெண்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலைப் போய்ப் பார்த்தேன். அழகான கோயில், அதில் சந்தேகமே இல்லை. வளைந்த காங்கிரீட் கூரை, எண்ணெய் வர்ணம் பூசிய வழவழப்பான உயர்ந்த சுவர்கள், கண்ணாடி மாதிரி தரை. ஒரு தடவை தட்டினேன். ஒரு கூட்டமே திருப்பித் தட்டியது. அது அடங்குவதற்குள் நெற்றி, நெஞ்சு, தோள் என்று நிதானமாகச் சிலுவை போட்டு முடித்துவிட்டேன். இங்கே பேசினால் முதல் சொல்லின் எதிரொலி இரண்டாம் சொல்லின் மேல் விழும், அது மூன்றாவதன் மேல். பழைய கோயிலின் கீற்றுக் கூரை, சத்தத்தைத் தேரி மணலைப் போல உறிஞ்சியிருக்கும். அதை இடித்தபோது அது செய்துகொண்டிருந்த வேலை யாருக்கும் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து மேலே இருந்தது. சுவர் முழுக்க ஒலிபெருக்கிக் குழாய்கள். முதலில் ஒன்றுதான் இருந்ததாம். விளங்கவில்லை என்றதும் ஒருவர் இன்னொரு குழாய் வாங்கிக் கொடுத்தார். அப்போதும் விளங்கவில்லை. இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். ஒவ்வொன்றிலும் உபயம் இன்னார் என்று சிவப்பு எழுத்து. எல்லாவற்றிலும் பெரியது பீடத்துக்கு நேர் எதிரே பின்சுவரில் இருந்தது. உபயம், அந்தோணி. தொலைவுக்குத் தகுந்தபடி ஒவ்வொரு குழாயின் சத்தமும் ஒவ்வொரு நேரத்தில் காதுக்கு வரும். பாவம் சாமியார், ஒரு வாயால் பேசியதை ஆறு வாய் முந்திப் பிந்தி ஒப்பித்தது.

"ஐந்தை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் வைக்கலாமே சாமி?" என்றேன்.

சாமியார் இளைஞர், மெல்லிய குரல், ஊருக்குப் புதியவர். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எந்த அஞ்சை? நீங்க சொல்லுங்க. நீங்க பினாங்குக்குப் போயிடுவிய. நான் இங்கனதான இருக்கணும்?"

நியாயம்தான். அந்தோணியையே பார்த்துவிடுவோம் என்று கடற்கரைக்குப் போனேன். வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கைகுலுக்கி, எனக்கு இடம் விட்டு உட்கார்ந்து, சுக்கு வென்னீர் வரவழைத்தார். கல்யாணப் பேச்சை எடுத்ததும் முகம் மாறியது.

"வளத்தது நான். அவன் அப்பன் பேரத்தான் ஓலையில வாசிப்பாக. வாசிக்கட்டும், அது என் தம்பி பேரு. செத்தவனோட எனக்குப் போட்டியா? ஆனா எனக்குன்னு ஒரு வார்த்த உண்டா? எம் பிள்ளைக்குக் கல்யாணம்னு ரெண்டு ஞாயித்துக்கெழம ஊரே கோயில்ல நிக்குது, எனக்கு ஒண்ணும் கேக்கல. நான் பொய் சொல்லல அண்ணாச்சி. நெசமாவே கேக்கல."

சண்டைக்காரர் என்று நினைத்துப் போனவன் நான். மனது கஷ்டமாகிவிட்டது. ஆனால் குழாயை நிறுத்தலாமா என்று கேட்டதும் பழைய ஆளாகிவிட்டார். "என் குழாயிலதான் இம்புட்டாவது சத்தம் வருது. அத நிறுத்தணுமோ?"

வீட்டுக்கு வந்து அக்காவிடம் புலம்பினேன். சுவரை மறைக்க நிறையத் துணி வேண்டும், கனமான துணி, மடிப்பு மடிப்பாக, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்க வேண்டும். இந்த ஊரில் அவ்வளவு துணிக்கு எங்கே போவது? அத்தான், வலைகளைத் தொங்கவிடலாமே என்றார். வலையில் மீன் நிற்கும், சத்தம் நிற்காது என்றேன். அக்கா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள். வெளியே வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன.

"அம்புட்டுத் துணியும் அந்தா வருதுல்லா" என்றாள்.

வள்ளங்களின் பாய்கள்! ஒவ்வொன்றும் ஒரு வீட்டையே போர்த்துகிற அளவுக்குக் கெட்டிப் பருத்தித் துணி. நான் துள்ளி எழுந்தேன். உடனே உட்கார்ந்தும்விட்டேன். "கோயில் சுவரை மறைக்கப் பாயைக் கொடுங்கள் என்றால் அடிக்க வருவார்களே?"

"அப்படிக் கேட்டா அடிப்பாக. சாமிகிட்டச் சொல்லி ஞாயித்துக்கெழம தீர்த்தம் தெளிச்சுப் பாய் மந்திரிக்கச் சொல்லு. முதல்ல உங்க அத்தான் நம்ம சின்னப் பாயக் கொண்டுபோய் மாட்டட்டும். ஒருத்தன் மாட்டினா மத்தவன் சும்மா இருக்க மாட்டான்."

சத்தம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊர் எப்படிப் போகும் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

சாமியாருக்கு ஒரே சந்தோஷம். கடல் தொழிலுக்குப் போகும் பாய்களை மந்திரிப்பது நல்ல காரியம்தானே, எதிரொலி அடங்கினால் அது கூடுதல் புண்ணியம் என்றார். சனிக்கிழமை காலை அத்தான் எங்கள் சின்னப் பாயை இடது சுவரில் மாட்டினார். பத்துப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலத்துக்குள் கோயில் வாசலில் பாய்களோடு வரிசை நின்றது. எனக்குப் பீடத்துக்குப் பக்கம் இடம் கொடு, உனக்கு நேற்று வந்த வள்ளம்தானே என்று ஒரே அமளி. நான் மூங்கில் கட்டி, மடிப்பு வைத்து, உப்பு வாடையில் தும்மிக்கொண்டே ஏணியில் ஏறி இறங்கினேன். மாட்ட மாட்ட, அந்தச் சண்டையின் சத்தமே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவானது. திட்டுகிற வார்த்தைகள் எல்லாம் விளங்கத் தொடங்கியதும் சாமியார் மெதுவாக உள்ளே போய்விட்டார்.

கடைசியாக அந்தோணி வந்தார். பின்னால் நாலு பேர் தோளில் அவருடைய பாய்.

"எம் பாய்க்கு எங்கன இடம்?"

எனக்கு வேண்டியது பின்சுவர். பீடத்திலிருந்து போகிற சத்தம் நேராகப் போய் முட்டித் திரும்புகிற இடம் அதுதான். "இவ்வளவு பெரிய பாய்க்கு அந்தச் சுவர்தான் சரிப்படும்" என்றேன். பொய்யில்லை. பாய் ஏறியது. சுவர் மறைந்தது, கூடவே அவருடைய குழாயும் மறைந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். மற்ற குழாய்களையும் பார்த்தார். எல்லாம் யாராவது ஒருவருடைய பாய்க்குப் பின்னால்தான் இருந்தன. எல்லார் பெயரும் மறைந்திருந்ததால் குறை சொல்ல வழியில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு பூசைக்குக் கோயில் நிறைந்தது. கூட்டமும் துணி மாதிரிதான். உடம்பும் உடுப்பும் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். ஆம்ப்ளிபயரை மிகவும் தணித்து வைத்தேன். சாமியார் பாய்களை மந்திரித்துவிட்டு வாயைத் திறந்தார். முதல் வாக்கியத்திலேயே ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரசங்கம் முழுவதும் விளங்கியது. குடியைப் பற்றிய பிரசங்கம். ஆண்கள் பக்கம் சிலருக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

பிறகு ஓலை. பெண்கள் பக்கம் அக்கா ஜெபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது.

"காலஞ்சென்ற சூசையின் மகனும், பெரிய தகப்பனார் அந்தோணி அவர்களால் தன் சொந்த மகனாக வளர்க்கப்பட்டவருமான லூர்து என்பவருக்கும்..."

லூர்து செய்திருந்த மரியாதை இதுதான். வேட்டியும் இல்லை, துண்டும் இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாமியார் வாசித்து முடித்து, தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார். இருமல்கூட இல்லை. அப்போது பின்வரிசையில் அந்தோணி எழுந்தார்.

"சாமி."

ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது. சாமியார் தாளைக் கீழே இறக்கினார். "என்ன, கேக்கலையா?"

"கேட்டுது." அவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "இன்னொருக்க வாசிங்க சாமி."

சாமியார் இன்னொரு முறை வாசித்தார். அவர் நின்றுகொண்டே கேட்டார். ஊரே கேட்டது. என் கண் நிறைந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் நேராக லூர்திடம் போனார். "ஏலே, போன வாரமும் இதத்தான் வாசிச்சாரா?"

"அதுக்கு முந்தின வாரமும் இதத்தான் பெரியப்பா. நீங்க கேட்டுட்டுத்தான் பேசாமப் போறியன்னு நெனச்சேன்."

அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். பேசினார்களா என்று தெரியாது. அங்கே அலைச் சத்தம்.

திங்கள் விடியற்காலையில் எல்லாரும் வந்து தங்கள் பாய்களை அவிழ்த்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். பின்சுவர்ப் பாய் மட்டும் அப்படியே தொங்கியது. ஊரிலேயே பெரிய வள்ளம் கரையில் சும்மா கிடந்தது. நான் ஏணியைக் கொண்டுபோய், "அவிழ்த்துத் தரட்டுமா அண்ணாச்சி? தொழிலுக்குப் போக வேண்டாமா?" என்று கேட்டேன்.

"கெடக்கட்டும்" என்றார் அந்தோணி. "நாளைக்கு அவன் மணவறையில நின்னு சம்மதம்னு சொல்லுவாம்லா. அது எனக்குக் கேக்கணும்."